சித்து மூஸேவாலா: சாவுக்கு முந்தைய ஆறு வருடங்கள்

மணற்காடு (இழையைத் தொடங்கியவர்)

இங்கே பஞ்சாபிப் பாடகர் மூஸேவாலா பெயரை எடுத்தாலே பேச்சு நேராக அவர் சுட்டுக் கொல்லப்பட்ட 2022 மே 29-க்குப் போய்விடுகிறது. ஜவஹர்கே கிராமம், தார் ஜீப், முந்தின நாள் குறைக்கப்பட்ட போலீஸ் பாதுகாப்பு, கனடாவிலிருந்து பொறுப்பேற்றவன் பெயர் என்று எல்லாருக்கும் எல்லாம் மனப்பாடம். சாகும்போது அவருக்கு 28 வயது. அதற்குள் அவர் செய்து முடித்த வேலையைப் பற்றி ஒரு பத்தி எழுதியவர்கூட இங்கே இல்லை. அதற்காகத்தான் இந்த இழை.

சுப்தீப் சிங் சித்து, 1993 ஜூன் 11. பஞ்சாபின் தெற்கு ஓரம், மான்சா மாவட்டம், மூஸா கிராமம். ஊர்ப்பெயரைத்தான் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டார். பருத்தி விளையும் மணற்பாங்கான பூமி அது. கடனில் செத்த விவசாயிகள் பற்றிய செய்தியில் மட்டும் வெளியூர்க்காரர்கள் கேள்விப்பட்ட மாவட்டம். அப்பா பல்கௌர் சிங் ராணுவத்தில் இருந்தவர். அம்மா சரண் கௌர் பின்னாளில் அந்த ஊருக்கே பஞ்சாயத்துத் தலைவியானார். பையன் லூதியானாவில் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தான், 2016-ல் முடித்தான், அதே வருடம் கனடாவுக்குப் படிக்கப் போனான். இதுவரைக்கும் பஞ்சாபில் ஆயிரம் வீட்டுக் கதை.

போகும் முன்பே நிஞ்சா என்ற பாடகருக்கு 'லைசென்ஸ்' பாட்டை எழுதிக் கொடுத்திருந்தார். ஆக அவர் முதலில் பாடலாசிரியர். 2017-ல் 'ஜி வேகன்' என்ற ஜோடிப் பாட்டில் குரல் கொடுத்தார். அதே வருடம் பிக் பேர்ட் இசையில் 'ஸோ ஹை' வந்தது. அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. 2018-ல் 'பிபிஎக்ஸ் 1' ஆல்பம் கனடாவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலுக்குள் நுழைந்தது. 2019-ல் பர்மிங்காம் ரேப்பர் மிஸ்ட், ஸ்டெஃப்லான் டான், ஸ்டீல் பேங்கிள்ஸ் ஆகியோருடன் '47'. 2020-ல் 'ஸ்னிட்சஸ் கெட் ஸ்டிட்சஸ்'. 2021-ல் 'மூஸ்டேப்', முப்பது தடங்களைத் தொடும் ராட்சச வேலை. அந்த செப்டம்பரில் லண்டன் ஒயர்லெஸ் விழா மேடை. சாவுக்கு ஒரு மாதம் முன்னால்கூட 'நோ நேம்' என்று ஒரு குறுந்தொகுப்பு.

என் வாதம் ஒன்றுதான். பஞ்சாபிப் பையன்களின் கனவு ஒருவழிப் பாதை: ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, விசா, டொராண்டோ பக்கத்து பிராம்ப்டன், டிரக். இவர் உச்சத்தில் இருந்தபோது திரும்பி வந்தார். சண்டிகருக்கோ மும்பைக்கோ கூடப் போகவில்லை, மூஸாவிலேயே வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். டொராண்டோ பீட்டும் லண்டன் ரேப்பர்களும் அந்த மணல்மேட்டைத் தேடி வந்தார்கள். இசைக்குள் வர ஊரை விட்டு ஓட வேண்டும் என்ற விதியையே அவர் மாற்றினார். அந்த வாழ்க்கையை அந்தக் கோணத்தில் பேசலாம் வாருங்கள்.

குளிர்காலத்தான்

நான் இருக்கிறது பிராம்ப்டனுக்குப் பக்கத்தில. அண்ணை சொன்னதில ஒரு விசயத்தை நான் கூட்டிச் சொல்ல வேணும். 'ஸோ ஹை' வந்த நேரம் இஞ்ச அது ஒரு பஞ்சாபிப் பாட்டு மாதிரியே பரவேல்ல. எங்கட தமிழ்ப் பெடியளின்ர காருக்குள்ளயும் அதுதான். பிக் பேர்ட், சன்னி மால்டன் எல்லாரும் இந்த ஊர்ப் பெடியள். டொராண்டோவில டிரேக் காலத்து ரேப் எப்பிடிக் கேக்குமோ, அந்த இருட்டான, மெதுவான, பாஸ் ஏறின பீட். அதுக்கு மேல ஒரு கிராமத்து ஆளின்ர உச்சக் குரல். இந்தக் கலவையை முதல்ல கேக்கேக்க ஆருக்கும் பிடிபடேல்ல, ஆனா விடவும் ஏலாமப் போச்சு.

இன்னொண்டு. 2016, 17-ல வந்த மாணவர்களின்ர நிலைமை உங்களுக்குத் தெரிய வேணும். ஒரு பேஸ்மென்ட்டுக்குள்ள பத்துப் பேர், இரவு வெயர்ஹவுஸ் வேலை, பகல் வகுப்பு. உள்ளூரில பிறந்த பஞ்சாபிகளே அவையளைக் கொஞ்சம் கீழதான் பாத்தவை. அப்பிடி வந்த ஒருத்தன், ஹம்பர் கல்லூரிக்குப் போன ஒரு பெடியன், தலைப்பாகையோட, மான்சாப் பேச்சோட, ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாம மேடையில நிண்டவன். அந்தப் பெடியளுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் எண்டு நான் கண்ணால பாத்தனான். செத்த அண்டு பிராம்ப்டனில மெழுகுதிரியோட கூடினதில அரைவாசிக்கு மேல அந்த மாணவர்கள்தான்.

தாளக்கட்டு

இசைப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மூஸேவாலாவை ரேப்பர் என்று சொல்லும்போது சிலர் முகம் சுளிக்கிறார்கள், "அவர் பாடத்தானே செய்கிறார்" என்று. உண்மை, அவர் பெரும்பாலும் பாடுகிறார். ஆனால் எப்படிப் பாடுகிறார் என்று கவனியுங்கள். சுருதியில் உயரே ஏறி நின்று, ஒரே மூச்சில் அசைகளை நெருக்கி, அடியின் கடைசிச் சொல்லில் எதுகையை அறைகிறார். இது தெற்குப் பஞ்சாபான மால்வா பகுதியின் பழைய பாணி. பட்டிண்டா பக்கத்து ஜலால் ஊர்க்காரர் குல்தீப் மானக் 'கலி' என்ற கதைப்பாட்டு வடிவத்தைத் தொண்டை கிழியப் பாடுவார். ஹீர்-ராஞ்சா காதல் கதை, ஜியோணா மோட் போன்ற கொள்ளைக்காரன் கதைகள் எல்லாம் அந்தக் குரலில்தான் வந்தன. மூஸேவாலா அந்தக் குரலை எடுத்து 808 டிரம் மெஷினின் பாஸ் மேல் வைத்தார். மூக்கடைத்த ஆட்டோட்யூன் குரல்தான் பஞ்சாபி பாப் என்று ஆகியிருந்த காலத்தில் இது எடுத்த எடுப்பிலேயே தனியாகத் தெரிந்தது.

இன்னொரு விஷயம், அவர் இசையமைப்பாளர்களை மாற்றிய விதம். பிக் பேர்டோடு இருந்தபோது ஒலி டொராண்டோ. ஸ்டீல் பேங்கிள்ஸோடு போனபோது லண்டன். மூஸ்டேப்பில் இசையமைப்பாளர் 'தி கிட்' வந்தபிறகு யூகே டிரில் என்ற இருண்ட லண்டன் ரேப், பூம்-பேப் என்ற பழைய நியூயார்க் பாணி, துக்கமான கிட்டார் என்று எல்லாம் ஒரே தொகுப்பில். அதில் மும்பையின் டிவைன் இருக்கிறார், கலிபோர்னியாவின் ராஜா குமாரி இருக்கிறார், லண்டனின் டியான் வெய்ன் இருக்கிறார், பஞ்சாபி ரேப்புக்கே அடித்தளம் போட்ட பொஹீமியா இருக்கிறார். இத்தனை பேரில் யாருக்காகவும் அவர் தன் பேச்சுமொழியை மாற்றிக்கொள்ளவில்லை. விருந்தாளிகள்தான் அவர் தாளத்துக்குள் வந்து போகிறார்கள்.

செங்காந்தள்

நல்ல இழை, அதனால்தான் இதைச் சொல்லியாக வேண்டும். 'ஊர்', 'மண்' என்று நீங்கள் எல்லாரும் எழுதுகிறீர்கள். அந்த ஊரில் மண் யாரிடம் இருக்கிறது?

'இஸ்ஸா ஜட்', 'ஜட் தா முகாப்லா', அவர் நடித்த படத்தின் பெயரே 'மூஸா ஜட்'. ஜட் என்பது பஞ்சாபில் நிலம் வைத்திருக்கும் சாதி. இந்தியாவிலேயே பட்டியல் சாதியினரின் விகிதம் மிக அதிகமுள்ள மாநிலம் அது. 2011 கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 32 சதவீதம். அவர்களில் பெரும்பாலோர் கையில் விவசாய நிலம் இல்லை. அந்த மாநிலத்தில் ஒரு பாடகர் வாரம் ஒருமுறை "நான் ஜட், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, டிராக்டர் இருக்கிறது" என்று பாடினால், கூலி வேலைக்குப் போகிறவரின் வீட்டுப் பையன் அதை எந்தக் காதால் கேட்பான்? சீக்கிய மதம் சாதியை மறுத்துப் பிறந்தது என்பதால் எனக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

அமர் சிங் சம்கீலாவை நம்மில் பலர் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்து 2024-ல் வந்த படத்தின் மூலம் தெரிந்துகொண்டோம். லூதியானாவில் மில் வேலை பார்த்த தலித் பாடகர். 1988 மார்ச் 8 அன்று மெஹ்சம்பூரில், கச்சேரிக்கு வந்து இறங்கிய இடத்தில் மனைவி அமர்ஜோத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு 27 வயது. அவரையும் மூஸேவாலாவையும் ஒரே தட்டில் வைத்துப் பேசும் பதிவுகளை நிறையப் பார்க்கிறேன், எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் பாட்டில் கூலிக்காரர் வீட்டுக் கேலியும் ஆசையும் இருக்கிறது, இன்னொருவர் பாட்டில் மிராசுதார் மீசை இருக்கிறது. ஜலந்தரின் தலித் பாடகி கின்னி மாஹி, தன் சாதிப் பெயரையே தலைப்பில் வைத்து 'டேஞ்சர் சமார்' பாடியதே இந்த ஜட் பெருமைப் பாட்டுகளின் வெள்ளத்துக்கு எதிராகத்தான்.

துப்பாக்கியைப் பற்றியும் ஒரு வரி. 2020 ஊரடங்கில் அவர் போலீஸ்காரர்களோடு சேர்ந்து ஏகே-47 சுட்டுப் பழகும் வீடியோ வந்தது, ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அவர் உடனே 'சஞ்சு' என்று ஒரு பாட்டுப் போட்டு, ஆயுத வழக்கில் சிறை போன நடிகர் சஞ்சய் தத்தோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டார். இதைக் கலைத் துணிச்சல் என்று நான் ஏற்க மாட்டேன்.

மணற்காடு

செங்காந்தள், ஜட் விஷயத்தில் உங்களோடு நான் சண்டை போட மாட்டேன். அந்தப் பெருமை அவர் பாட்டின் எலும்பிலேயே இருக்கிறது, தடவி மறைக்க முடியாது. கின்னி மாஹியை இந்த இழைக்குள் கொண்டுவந்தது சரியான காரியம்.

துப்பாக்கியைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். தாளக்கட்டு குறிப்பிட்ட ஜியோணா மோட் வரிசையிலேயே, அதிகாரத்தை எதிர்த்து ஆயுதம் எடுத்தவன் பஞ்சாபி நாட்டுப்பாட்டின் நாயகன். அக்பர் காலத்து துல்லா பட்டியிலிருந்து அது வருகிறது. அதோடு அமெரிக்க ரேப்பர் டூபாக்கைக் கடவுளாக நினைத்த ஒரு பையனைச் சேருங்கள். அவர் சாவுக்கு இரண்டு வாரம் முன்னால், மே 15 அன்று, வெளியிட்ட 'தி லாஸ்ட் ரைட்' காருக்குள் சுடப்பட்ட டூபாக்கை நினைவுபடுத்தும் பாட்டு. இரண்டு மரபிலும் துப்பாக்கி அலங்காரமாக இருந்தது. அவர் இரண்டையும் சேர்த்துப் பாடினார். நான் பார்க்கும் கோளாறு இங்கே: பஞ்சாபில் அந்தத் துப்பாக்கிகளும் கும்பல்களும் பாட்டுக்கு வெளியே நிஜமாகவே இருந்தன, பாடகர்களிடம் பணம் கேட்டு மிரட்டிக்கொண்டிருந்தன. அவருக்குப் பாதுகாப்பு கொடுக்கப்பட்டதே அதற்காகத்தான். பாட்டில் உள்ள வீரம் அந்த மிரட்டலுக்கு அவர் சொன்ன பதில் என்று ஒருநாள் தோன்றும், அதற்குத் தீனி என்று மறுநாள் தோன்றும். இரண்டையும் நான் நம்புகிறேன்.

நிலவன்77

அவருக்கு மதநம்பிக்கை உண்டா, அல்லது தலைப்பாகை ஒரு ஸ்டைலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வழக்குரைஞர் மதுரை

அதை 'மாயி பாகோ' சம்பவத்திலிருந்து பார்க்கலாம். 1705 முக்த்சர் போரில், குரு கோவிந்த் சிங்கை விட்டுப் போன நாற்பது பேரைத் திரும்பப் போர்க்களத்துக்கு இழுத்து வந்த வீராங்கனை மாயி பாகோ. சீக்கியர்களுக்கு வணக்கத்துக்குரிய பெயர். 2019-ல் ஒரு பாட்டில் ஒரு பெண்ணை அவரோடு ஒப்பிட்டுவிட்டார் மூஸேவாலா. சீக்கிய அமைப்புகள் கொதித்தன, அவர் மன்னிப்புக் கேட்டார். வழக்கமாக எதிர்ப்பு வந்தால் பாட்டாலேயே திருப்பி அடிக்கிறவர் அங்கே மட்டும் பணிந்தார். அதை வைத்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

சட்டக்காரன் என்பதால் '295' பற்றி நான் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூஸ்டேப்பில் வந்த அந்தப் பாட்டின் பெயர் இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண். 295 வழிபாட்டு இடத்தை அவமதிப்பது, 295-ஏ மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது. (2024 ஜூலையிலிருந்து அந்தச் சட்டமே இல்லை, புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 298, 299.) உண்மையைச் சொன்னால் உன்மேல் 295 பாயும், நீ முன்னேறினால் வெறுப்பு வரும் என்று மகனுக்குச் சொல்லும் தொனியில் போகிறது பாட்டு. மதத்தின் பெயரால் தொலைக்காட்சியில் நடக்கும் கூச்சல், அரசியல்வாதிகளின் வியாபாரம் எல்லாம் அதில் வருகிறது. பீட் மெதுவானது, ஆர்ப்பாட்டமே இல்லை. அவர் இறந்தபிறகு பில்போர்டு குளோபல் 200 பட்டியலில் ஏறியது இந்தப் பாட்டுதான். ஒரு சட்டப்பிரிவின் எண்ணைப் பஞ்சாபி தெரியாத நாடுகளின் இளைஞர்கள் கேட்டுத் தேடிப் படித்தார்கள். என் தொழிலில் இருக்கிறவனுக்கு அது சாதாரண விஷயமில்லை.

இறந்து நான்கு வாரத்துக்குள், 2022 ஜூன் 23 அன்று 'எஸ்ஒய்எல்' வெளியானது. சட்லெஜ்-யமுனை இணைப்புக் கால்வாய், பஞ்சாபுக்கும் ஹரியானாவுக்கும் பல பத்தாண்டுகளாகத் தீராத தண்ணீர்த் தகராறு. 1982-ல் இந்திரா காந்தி கபூரியில் தொடங்கிவைத்த திட்டம், 1990-ல் தலைமைப் பொறியாளர் உட்பட இரண்டு பொறியாளர்கள் கொல்லப்பட்டபின் பஞ்சாபில் முடங்கிப்போனது. அந்தக் கொலையைச் செய்த பல்விந்தர் சிங் ஜட்டானாவின் பெயரைப் பாட்டிலேயே வைத்தார். சில நாட்களில் இந்தியாவில் யூடியூபிலிருந்து அந்தப் பாட்டு மறைந்தது, அரசின் சட்டப் புகாரின்பேரில். செத்தவருடைய பாட்டைத் தடுக்க வேண்டிய அளவுக்கு அது அரசைத் தொட்டது. கொலைகாரரைப் புகழ்வது எனக்கு ஒப்பாது. ஆனாலும் காரணம் விளக்கப்படாமல் ஒரு பாட்டு காணாமல் போவதும் ஒப்பாது.

குளிர்காலத்தான்

அரசியல் பக்கத்தையும் ஆராவது எழுதுங்கோ. எனக்கு இண்டைக்கும் விளங்காத இடம் அதுதான். விவசாயிகளின்ர போராட்டம் நடக்கேக்க 2020 டிசம்பரில பஞ்சாபைத் தாய்மண் எண்டு ஒரு பாட்டு விட்டவர், அதில 1984-ல பொற்கோயிலுக்குள்ள ராணுவம் புகுந்தபோது செத்த பிந்திரன்வாலேயின்ர காட்சிகள் வந்தது. பிறகு ஒரு வருசத்தில, அந்த ராணுவத்தை அனுப்பின காங்கிரஸில சேந்தார். 1984-ஐ மறக்காத எத்தனை சனம் அவரை நேசிச்சது. அதுகளுக்கு அது நெஞ்சில குத்தினது.

மணற்காடு

ஆமாம், அவருடைய வாழ்க்கையில் நான் புரிந்துகொள்ளத் திணறும் முடிவு அதுதான். 2021 டிசம்பரில் சேர்ந்தார், 2022 தேர்தலில் மான்சாவில் நின்றார், ஆம் ஆத்மியின் விஜய் சிங்லாவிடம் 63,323 வாக்குகளில் தோற்றார். உலகமே தெரிந்த பெயர், சொந்த மாவட்டம், அம்மா பஞ்சாயத்துத் தலைவி. அத்தனையும் இருந்தும் இப்படி. மாநிலம் முழுக்க ஆம் ஆத்மி அலை வீசிய தேர்தல் என்பது ஒரு காரணம். அதைவிட, பாட்டைக் கேட்கிறவர்கள் எல்லாரும் ஓட்டுப் போடுகிறவர்கள் அல்ல. ரசிகர்களில் பாதி கனடாவில், மீதியில் கணிசம் 18 வயதுக்குக் கீழே. செங்காந்தள் சொன்ன நிலமில்லாதவர்களின் ஓட்டும் கணக்கில் உண்டு, அவர்கள் ஏன் அவருக்குப் போட வேண்டும்?

தோற்றபின் அவர் போட்ட 'ஸ்கேப்கோட்' பாட்டில் வாக்காளர்களைத் துரோகி என்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார். எனக்கு அவருடைய பாட்டுகளில் மனசுக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான். ஊரை இவ்வளவு நேசித்தவர் ஊர் சொன்ன பதிலைத் தாங்கியிருக்கலாம்.

சினிமா பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 2021-ல் இரண்டு படம், இரண்டும் மறக்கக்கூடியவை.

யாரும் தொடாத ஒன்று, உரிமை. முதலில் ஹம்பிள் மியூசிக் என்ற சின்ன நிறுவனம். பிறகு 'பிபிஎக்ஸ் 1' பெரிய கம்பெனியான டி-சீரிஸில். எல்லாரும் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். இவர் வெளியே வந்து தன் பெயரிலேயே வெளியிட ஆரம்பித்தார், 2020-ல் '5911 ரெக்கார்ட்ஸ்' தொடங்கினார். 5911 என்பது எச்எம்டி டிராக்டரின் மாடல் எண். ஊர் வீட்டில் அவருக்கு உயிராக இருந்த வண்டி. அவருடைய இறுதி ஊர்வலமும் அதில்தான் போனது. முழு மூஸ்டேப்பும் அவருடைய சொந்த வெளியீடு. பாட்டை ஒவ்வொன்றாக, வாரக்கணக்கில், தன் யூடியூபில் விட்டார். படப் பாட்டு இல்லை, பெரிய கம்பெனி இல்லை, பாலிவுட் இல்லை. இன்று அவருடைய அப்பா அம்மா கையில் அந்தப் பாட்டுகள் இருப்பதற்கும், எப்போது எதை வெளியிடலாம் என்று அவர்களே தீர்மானிப்பதற்கும் அதுதான் காரணம். 2022 நவம்பரில் சீக்கியப் பேரரசின் தளபதி ஹரி சிங் நல்வாவைப் பாடும் 'வார்', 2023 ஏப்ரலில் நைஜீரியாவின் பர்னா பாயோடு 'மேரா நா', 2025 ஜூனில் 'மூஸ் பிரிண்ட்'. எல்லாம் அப்படி வந்தவை.

தாளக்கட்டு

அந்த உரிமை விஷயத்தைத்தான் பின்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஏபி தில்லான் கூட்டம், ஷுப், கரண் ஔஜ்லா எல்லாரும் சொந்தக் காலில், மும்பையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள். ஔஜ்லாவுக்கும் இவருக்கும் பாட்டிலேயே பல வருடம் மோதல் ஓடியது. ஒருவர் பாட்டுக்கு மற்றவர் பதில் என்று இருவருமே அதில் கூர்மையானார்கள். ரேப்பில் போட்டி எப்படி எழுத்தை வளர்க்கும் என்பதற்கு அந்த வருடங்களின் பாட்டுகளே போதும்.

சீக்கிய ஹிப் ஹாப்காரர்கள் எல்லாரும் இவர் வழி வந்தவர்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் கவென்ட்ரியைச் சேர்ந்த பஞ்சாபி எம்சியின் 'முண்டியான் தோ பச் கே' 1998-லேயே வந்துவிட்டது, 2003-ல் அமெரிக்க ரேப்பர் ஜே-இசட் அந்தப் பாட்டில் சேர்ந்தார். தென்மேற்கு சிட்னியின் எல்-ஃப்ரெஷ் தி லயன் ஆங்கிலத்தில் ரேப் செய்பவர், பஞ்சாபையும் குடியேறியவர் வாழ்க்கையையும் அமைதியாகப் பேசுவார். டொராண்டோவின் ஹம்பிள் தி பொயட் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். துப்பாக்கி இல்லாத சீக்கிய ஹிப் ஹாப் வேண்டும் என்றால் அந்தப் பக்கம் போகலாம்.

நிலவன்77

நான் இதுவரை '295' தவிர எதையும் கேட்டதில்லை. பஞ்சாபியும் தெரியாது. எங்கே தொடங்குவது?

மணற்காடு

'ஸோ ஹை'யில் தொடங்குங்கள், அந்தக் குரல் பிடிக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். அடுத்து 2020-ன் 'டிப்பியான் தா புத்', மணல்மேட்டின் மகன் என்று தன்னையே அறிமுகம் செய்யும் பாட்டு, மான்சா மண் எப்படி இருக்கும் என்பது வீடியோவிலேயே தெரியும். அப்புறம் பொஹீமியாவோடு 'சேம் பீஃப்', பழைய தலைமுறையும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில். கடைசியாக மூஸ்டேப்பை முழுசாக, வரிசை மாற்றாமல், ஹெட்போனில். மொழிபெயர்ப்பு யூடியூபில் நிறையக் கிடைக்கிறது, முதல்முறை அதைப் பார்க்காமலே கேளுங்கள்.

செங்காந்தள்

மூஸ்டேப்பை நானும் ஒரு தடவை முழுசாகக் கேட்கிறேன், தாளக்கட்டு எழுதியதற்காக. சாதி பற்றிய என் கேள்வியில் மாற்றம் எதுவும் இல்லை. கின்னி மாஹிக்குத் தனி இழை ஒன்றை வெள்ளிக்கிழமை நானே தொடங்குகிறேன். பக்திக் காலக் கவி ரவிதாஸரின் பாடல்களிலிருந்து கின்னி எப்படிக் கிளம்பினார் என்பதிலிருந்து எழுத ஆசை. குளிர்காலத்தான், கனடாவில் கின்னியின் கச்சேரிக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் அங்கே கூட்டிவாருங்கள்.